பெரியண்ணை சொன்ன ஓம்

18 ஒக்டோபர், சனி

மழை. பின்னேரமே லைட் போட வேண்டியிருந்தது.

மேசையில் இருந்தவர்கள்: நான். இவர் (உணவகத்தில் சமையலறை வேலை, கெஞ்சிக் கேட்டு இரண்டு மணித்தியாலம் லீவு). மகள் ஆரணி. புடவைக் கடைப் பவானியக்கா, கூப்பிடாமல் வந்தவ, பாதி மூக்குத்தூளும் பாதிக் கேள்வியுமாக. பால் பேணியில் சாய்த்து வைத்த தொலைபேசிக்குள் நியூ ஜேர்சியிலிருந்து என் தங்கச்சி வசந்தி. சுவரில் முருகன். வேறு ஒருவரும் இல்லை.

விஷயம்: ஆரணி டொக்டருக்குப் படிக்க அமெரிக்காவுக்கு எழுதிப்போடுவது.

எனக்கு விளங்கிய அளவில் எழுதி வைக்கிறேன். இவர் நாளைக்குத் திரும்பவும் கேட்பார்.

– அங்கே நேரே மருத்துவம் இல்லை. முதல் நாலு வருடம் உயிரியல், இரசாயனம். பிறகுதான் மருத்துவக் கல்லூரி.
– முன்சுற்று என்று ஒன்று. ஒரேயொரு கல்லூரிக்குத்தான் கேட்கலாம். அவர்கள் எடுத்தால் போயே ஆக வேண்டும். கலியாண எழுத்து மாதிரி.
– கையில் காசில்லாத குடும்பமென்றால் முழுச் செலவும் கல்லூரி. முன்சுற்றில் கேட்பவர்களுக்கு இடம் கிடைப்பது கொஞ்சம் சுகமாம்.
– பெற்றோர் ஒருவரின் சம்மதம் வேண்டும். பதிந்தது இவர் பெயர். கையெழுத்துப் படிவம் இவருடைய தொலைபேசிக்குத்தான் வரும்.
– நவம்பர் 1 கடைசி. அதற்கு முதல் நாள் மதாம் (லிசே என்கிற உயர்பள்ளியில் ஆரணியின் ஆங்கில ஆசிரியை, இதையெல்லாம் தூக்கிச் சுமப்பவ) கையெழுத்து வைத்தவரோடு தானே கதைப்பா. விளங்கியதா, சம்மதமா என்று கேட்டு, ஓம் என்றால்தான் தன் பங்கை அனுப்புவா. மொழி பெயர்க்கக்கூட வேறொரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறா. எங்கள் வீட்டு ஆட்களை நம்பவில்லை. கெட்டிக்காரி.

கல்லூரி இரண்டு. ஒன்று வசந்தியின் ஊரில். மற்றது வடக்கே, பனி ஊர். வருடத்தில் பாதி வெள்ளை.

வசந்தி: "அக்கா, என்னட்டை ஒரு அறை சும்மா கிடக்கு. பின்னேரத்திலை என்ரை ரெண்டையும் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வந்து, சாப்பாடு குடுத்து, பாடம் சொல்லிக் குடுத்தாளெண்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

ஆரணி: "சித்தி மாணவியைத் தேடேல்லை. ஆயாவைத் தேடுறா."



பனி ஊரில் என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். "அங்கை ஒரு தமிழரும் இல்லை அப்பா. அதுதான் இருக்கு." பவானியக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் சொன்னது வசந்தி ஊர். வீடு, சோறு, கண் பார்வை. முடிந்தது கதை.

இவர் எழும்பி ஜக்கெற்றைப் போட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் பெரியண்ணையிட்டை ஒரு சொல் கேட்டுப்போட்டுக் கையெழுத்து வைக்கிறன்."

பெரியண்ணை: இவரின் மூத்த அண்ணன், ஊரில், இணுவிலில். தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்தவர். மூன்று மாதமாகப் படுக்கை. இவர் பிரான்சுக்கு வந்தது, என்னைக் கட்டியது, இந்த வீட்டுக்கு மாறியது எல்லாம் அந்த மனிசன் ஓம் சொன்ன பிறகு. கட்டில் வாங்கக்கூடக் கேட்டவர். என்னிடம் கேட்டது கட்டிலை எந்தப் பக்கம் போடுவதென்று.

முடிவு: கந்தசட்டி விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை நாள், 28 செவ்வாய், நல்ல நேரத்தில் கையெழுத்து.

20 ஒக்டோபர், திங்கள். தீபாவளி

மூடிய வானம். எங்கள் ஆட்களின் கடைத்தெரு ரூ பெர்தொனேயில் கால் வைக்க இடமில்லை. வாங்கியது: பூ, கற்பூரம், சிவப்பரிசி மா, கத்தரிக்காய், இவருக்கு வேட்டி. செலவு மற்றக் கொப்பியில்.

இவரின் வேட்டிக்குப் பவானியக்காவின் புடவைக் கடைக்குப் போகாமல் முடியாது. அவ மற்றச் சனத்துக்கும் கேட்கும்படி: "டொக்டருக்குப் படிக்க அமெரிக்காவோ? ஏன், இஞ்சை பாஸ் பண்ண ஏலாதோ பிள்ளைக்கு?" அவவின் மகன் இங்கே முதலாம் வருடம் இரண்டு தரம் விழுந்தவன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்கிறான்.

ஆரணி: "அன்ரி, அண்ணா கண்ணாடி மலிவாத் தருவாரோ? அம்மாவுக்குக் கண் சரியாத் தெரியேல்லை. உங்களைச் சிநேகிதி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

கடை முழுக்கச் சிரிப்பு. வெளியே வந்து பிள்ளையைப் பேசினேன். பேசும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முருகா, நல்ல நாளும் அதுவுமாக.

பின்னேரம் இவர் இணுவிலுக்குத் தொலைபேசி எடுத்தார். பெரியண்ணை நித்திரையாம். "ஞாயிறு எடுப்பம்" என்றார்.

22 ஒக்டோபர், புதன். சட்டி முதல் நாள்

குளிர், ஆனால் வெயில். விரதம் தொடங்கியது. பகலில் தண்ணீர், மாலை கோயிலால் வந்து ஒரு கோப்பை பால்.

பகல் முழுக்கக் கல்லூரித் தாள்கள் வாசித்தேன், அகராதி பக்கத்தில். பிரெஞ்சு எனக்கு ஆரும் படிப்பித்ததில்லை. பல்பொருள் கடைத் துண்டுகளிலும் ஆரணியின் பள்ளிக்கூடக் கடிதங்களிலும் எழுத்துக் கூட்டிப் பிடித்தது. ஆங்கிலம் அதைவிட மோசம். ஆனாலும் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நாலு வருடம் முடித்தாலும், வெளிநாட்டுப் பிள்ளைகளை அங்கே மருத்துவக் கல்லூரிக்குள் எடுப்பது மிக அருமை, எங்கோ ஒருவர்.

ஆரணியிடம் காட்டினேன். பார்க்கவேயில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சோ எழுதுறாய்?"

"அருமை எண்டால் இல்லை எண்டு இல்லை, அம்மா. கிடைச்சால் டொக்டர். கிடைக்காட்டியும் நாலு வருசம் இஞ்சை இருக்கத் தேவையில்லை."

"இஞ்சை" என்றபோது கையால் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அடுப்பு, முருகன், நான்.

பாலைக் குடிக்க மனமில்லை. விரதமென்று முருகன் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

24 ஒக்டோபர், வெள்ளி

மழை தூறல். இவர் வேலைக்குப் போனதும் கோபியின் அழைப்பு. கோபி பெரியண்ணையின் மகன். எங்களைக் குஞ்சியப்பா, குஞ்சியம்மா என்பான்.

"குஞ்சியம்மா, அப்பா போட்டார்."

உயிர் போனது விடியக்காலையில். நித்திரையோடு. இவருக்கு எடுத்துப் பார்த்தானாம். வேலையில் தொலைபேசி அலுமாரிக்குள். "கடைசியா, தம்பி எடுத்தவனோ எண்டுதான் கேட்டவர்."

நான் சொன்னது, சொன்னபடி: "குஞ்சியப்பாவுக்குக் கொஞ்ச நாளாய் நெஞ்சு வருத்தம் தம்பி. அதிர்ச்சி கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். நீயோ மற்ற ஆக்களோ எடுக்காதேங்கோ. நான் பக்குவமாச் சொல்லுறன்." எங்கிருந்து வந்ததென்று தெரியாது. ஒரு சொல் தடக்கவில்லை.

கோபி அழுதான். "ஐயோ, குஞ்சியப்பாவுக்குமோ" என்றான்.

பிரேதம் ஞாயிறு எடுக்கிறார்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்க்க நேரடியாக வீடியோ போடுகிறார்கள்.

யோசித்தது:

இவருக்குத் தெரிந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. நல்ல காரியம் தொடங்க மாட்டார். கையெழுத்து இல்லை. விமானம் ஏறுவார். நவம்பர் 1 போகும். முன்சுற்று போகும்.

தெரியாவிட்டால் ஒன்றுமில்லை. கேட்ட நேரத்திலிருந்துதான் துடக்கு. இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சாவை மறைப்பதும், தாலி ஏறும் வரை மாப்பிள்ளை காதில் போடாமல் விடுவதும் எங்கள் ஆட்கள் செய்வதுதான். ஒருவரும் அதைப் பொய் என்பதில்லை.

கேட்டது நான் மட்டும். ஆகவே துடக்கு எனக்கு மட்டும். செவ்வாய் இரவு, கையெழுத்துக்குப் பிறகு, சொல்வேன்.

தலைக்குக் குளித்தேன். சாமி அறைக்குள் போகவில்லை. விரதம் அந்த இடத்திலேயே விழுந்தது. காலையில் மிஞ்சின பாண் துண்டை நின்றபடியே தின்றேன். கோபம் வருகிற அளவுக்குப் பசித்தது.

இரவு இவரின் தொலைபேசியில் கோபியின் அழைப்பையும் குடும்பக் குழுச் செய்திகளையும் அழித்து, சத்தத்தை நிறுத்தினேன். கண்ணாடி போடாமல் அவர் வாசிப்பதில்லை. எப்போதும் நான்தான் வாசித்துக் காட்டுவது.

சாமி அறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். "சுகமில்லாமல் வந்திட்டுது" என்றேன். பெண்களின் அந்தச் சுகமின்மைக்கு ஆம்பிளைகள் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

25 ஒக்டோபர், சனி

மழை. விளக்கை இவரே ஏற்றினார். திரி நீட்டாக வைத்தார், புகைத்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணையின் சுகத்துக்கென்று உரத்துக் கும்பிட்டார்.

முருகன் என்னைப் பார்க்கவில்லை. இவரையும் பார்க்கவில்லை. கையில் இருந்த வேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரணி என் முகத்தை இரண்டு தரம் பார்த்தாள்.

26 ஒக்டோபர், ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பும் நாள். திருப்பினேன்.

உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் உள்ள தோய்க்கும் கடைக்கு. வீட்டு மெஷின் பழுது என்று இவரிடம் சொன்னது. பழுதில்லை. அங்கே ஆரும் தமிழ் இல்லை. மர வாங்கில் குந்தி, சத்தத்தை நிறுத்தி, செத்தவீடு பார்த்தேன். எதிரில் போர்வைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கமராக்காரன் முகத்துக்குக் கிட்டக் கிட்டப் போகிறான். பெரியண்ணை, எனக்குப் பெரியத்தான், சவரம் செய்து, வெள்ளைச் சேட்டோடு, இவரைப்போலவே. மாலை ஒன்றில் "அன்புத் தம்பி குடும்பம், பிரான்ஸ்." கோபி எங்கள் கணக்கில் போட்டிருக்கிறான். திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெண் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தா. ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். துடக்கு வீட்டுக்காரியைத் தொடக்கூடாதென்று அவவுக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் இவர் கட்டிலில் ஒரு மெருன் கம்பளிச் சுவெற்றரை விரித்து மடிக்கிறார். சந்தையில் வாங்கினாராம். டிசம்பரில் ஊருக்குப் போகும் ஆளிடம் கொடுத்துவிட.

"பெரியண்ணைக்கு இந்த நிறம் பிடிக்குமோ?"

"பிடிக்கும்."

"படுத்துக் கிடக்கிற ஆளுக்கு விடியப்புறம் குளிரும்." பிறகு தொலைபேசியைத் தேடினார். "ஒருக்கா எடுப்பம். ஓம் வாங்கிப்போட்டால் நிம்மதி."

"கதைக்க ஏலாமல் கிடக்கிறாராம். கோபி சொன்னவன். நான் கதைச்சுக் கேட்டுச் சொல்லுறன்."

"நீயோ?" என்றார். சந்தோஷப்பட்டார். இத்தனை வருடத்தில் நானாக அவரின் அண்ணனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

27 ஒக்டோபர், திங்கள். சூரன்போர்

காற்று. இவர் வேலையால் நேரே கோயிலுக்கு. ஆரணி போகவில்லை, படிக்க இருக்கிறதாம். குசினிக் கதவில் வந்து நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு அது நிண்டு ஒரு வருசம்."

"எது?"

"விளக்கு வைக்காததுக்கு நீங்கள் சொன்ன காரணம்."

"திரும்ப வந்திருக்கு."

"டொக்டருக்குப் படிக்கப் போறவளுக்குச் சொல்லுற பொய்யே இது?"

தொலைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். மரண அறிவித்தல். பெரியத்தானின் படம், கீழே உறவுகளின் வரிசை. "சிவநேசன் (பிரான்ஸ்) அவர்களின் பாசமிகு சகோதரரும்." வலையில் போடுவார்கள் என்று எனக்கு யோசனை வரவில்லை. செய்திகளை அழித்தேன், உலகத்தை அழிக்க மறந்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமையிலையிருந்து சாமி அறைப் பக்கம் போகேல்லை. விரதத்திலை பாண் தின்னுறீங்கள், குப்பைக்கை துண்டு கிடக்கு. ஆரோ செத்திருக்கினம் எண்டு தெரியும். ஆர் எண்டுதான் தேடினன்."

"உனக்காகத்தான் பிள்ளை."

"எனக்காக எண்டால் பனி ஊர்."

விளங்க எனக்கு நேரம் எடுத்தது. கறி அடிப்பிடித்தது.

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அப்பா இப்ப கோயிலாலை வருவார். கதவை நான் திறப்பன்."

"உன்ரை பெரியப்பா செத்துக் கிடக்க நீ பேரம் பேசுறாய்."

"நீங்கள் தொடங்கின கடை. நான் சாமான் வாங்க வந்தனான்."

பதினேழு வயது. குரல் உயரவில்லை. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்குகிற மாதிரிக் கேட்டாள். நல்ல டொக்டராக வருவாள். கை நடுங்காது.

சம்மதித்தேன். சம்மதித்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னேன்: "இப்ப உனக்கும் தெரியும். உனக்கும் துடக்கு. நாளைக்குப் பூ வைக்காதை, சாமி அறைக்குள்ளை போகாதை."

சிரித்தாள். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவ்வளவு வேகமான பிரெஞ்சு எனக்கு இன்னும் பிடிபடுவதில்லை. பிடிபடக்கூடாதென்றுதான் வேகம்.

28 ஒக்டோபர், செவ்வாய். பாறணை

வெளிச்சமான நாள். கதிரைகள் துடைத்தது. பாயாசம் காய்ச்சியது. நான் தொட்டதைப் படைக்கக்கூடாது. ஆகவே படையலுக்குப் பழம் மட்டும், இவரே வாங்கி இவரே வைத்தது.

நல்ல நேரம் மாலையில். இவர் புது வேட்டி. ஆரணி தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்து, என்னைப் பார்த்தபடியே சாமி அறைக்குள் போனாள். கற்பூரத் தட்டைப் பிடித்தாள். நான் வாசலில். வாய் திறக்க முடியாத இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு வந்தாள்.

தொலைபேசி முருகன் காலடியில். அதை எடுத்து இவர் கேட்டார்.

"எந்த ஊர்?"

"பனி ஊர்" என்றேன்.

இவர் திடுக்கிட்டார். "நீதானே வேண்டாம் எண்டனீ."

"யோசிச்சுப் பாத்தன். வசந்தி பிள்ளையை வேலைக்காரி ஆக்கிப்போடுவாள்."

"பெரியண்ணை?"

ஆரணி சுவரைப் பார்த்தாள். இதற்கு அவள் விலை பேசவில்லை; இது என் பங்கு.

"காலமை கதைச்சனான். ஓம் எண்டவர்."

"பனி ஊருக்கோ? பெரியண்ணையோ?" முகம் மலர்ந்தது மனிசனுக்கு. "என்னைப் பிரான்சுக்கு விடவே மூண்டு மாசம் அழுதவர். வேறை என்ன சொன்னவர்?"

நிறுத்தியிருக்கலாம். "பிள்ளை நல்லா வரும், யோசிக்காமல் விடு எண்டவர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலால் கையெழுத்து வைத்தார். வளைத்து, கீழே கோடு இழுத்து. இந்த நாட்டில் அவர் வைத்த கையெழுத்துக்களில் இதுதான் வடிவு.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். செவ்வாய் இரவு என்று நானே குறித்தது. வாயைத் திறப்பதற்குள் இவர் தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துவிட்டார். "அங்கை நடுச்சாமம், எழுப்பக்கூடாது. பேசி விடுவம், விடியக் கேப்பார்."

"பெரியண்ணை, நான் தம்பி. நீங்கள் சொன்னபடி வைச்சிட்டன். பிள்ளை டொக்டருக்குப் படிக்கப் போறாள். உங்களுக்கு ஒரு சுவெற்றர் வாங்கி வைச்சிருக்கிறன். டிசம்பரிலை வரும். மெருன். கதைக்க ஏலாட்டியும் ஒருக்கா இருமி விடுங்கோ, எனக்குக் காணும்."

குரல் செய்தியை அனுப்பினார். இரண்டு கிண்ணம் பாயாசம் குடித்தார். படுத்ததும் நித்திரை.

அந்த முகத்தை எழுப்பிச் சொல்ல ஏலவில்லை. விடியட்டும்.

29 ஒக்டோபர், புதன்

எனக்கு முதல் கோபி விடிந்துவிட்டான்.

குசினியில் மூன்று பேரும். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். இவர், "பெரியண்ணை பதில் போட்டிருக்கிறார்" என்று உரத்துப் போட்டார். கோபியின் குரல்.

"குஞ்சியப்பா, அப்பா வெள்ளிக்கிழமை போட்டார். ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. குஞ்சியம்மா சொல்லேல்லையோ? நீங்கள் அழாதேங்கோ. உங்கடை நெஞ்சு இப்ப எப்பிடி?"

இவர் திரும்பவும் போட்டுக் கேட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். உண்மையாகவே, அது எப்படி இருக்கிறதென்று பார்க்கிறவர் மாதிரி.

கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"பெரியண்ணை எப்ப ஓம் எண்டவர்?"

தேத்தண்ணியை இன்னொரு தரம் ஆற்றினேன்.

"நேற்றுக் காலமை எண்டனீ. ஞாயிறு எரிச்ச ஆள் செவ்வாய் ஓம் எண்டவரோ?"

"பிள்ளைக்காகத்தான்..."

"பிள்ளை நல்லா வரும் எண்டு சொன்னவர் எண்டனீ. அது ஆர் சொன்னது?"

அப்போதுதான் அதைச் செய்தேன். "உங்கடை மேளுக்கும் தெரியும். திங்கட்கிழமையே தெரியும். பனி ஊர் வேணுமெண்டு அவள்தான் வாயைப் பூட்டினவள்."

நான் மட்டும் ஏன் தனியே நிற்க வேண்டும்.

ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு தகப்பனை. "அப்பா" என்று மட்டும், ஒரு தரம். அவர் அவளின் தலையைப் பார்த்தார். நேற்றைய பூ இன்னும் கிடந்தது. ஒவ்வொன்றாக அவளே எடுத்தாள்.

செத்தவீட்டு வீடியோவைக் கேட்டார். நின்றபடியே முழுதும் பார்த்தார், சத்தத்தோடு. நான் சத்தமில்லாமல் பார்த்தது. பெண்கள் அப்படி அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் உடுப்போடு குளிர்ந்த தண்ணீரில் முழுகினார். முப்பத்தொரு நாளும் அவருக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது.

மதியம் பயணச்சீட்டு, இரவு விமானம். எட்டாம் நாள் வெள்ளி. எட்டுச் செலவுப் படையலுக்காவது நிற்க வேண்டுமாம். பையில் இரண்டு சேட்டு, ஒரு வேட்டி, அந்தச் சுவெற்றர்.

வாசலில் ஆரணி கேட்டாள், மெதுவாக: "அப்பா, கையெழுத்து?"

"பெரியண்ணை ஓம் எண்டதாலை வைச்சது. அவர் சொல்லேல்லை."

"வெள்ளிக்கிழமை மதாம் எடுப்பா."

"எடுக்கட்டும்."

"என்ன சொல்லுவீங்கள்?"

"சாப்பிடு" என்றார் அவளிடம். என்னைத் தாண்டிப் போகும்போது சுவரோடு ஒட்டிப் போனார், என் சீலை படாமல்.

30 ஒக்டோபர், வியாழன்

மழையா என்று பார்க்கவில்லை.

பவானியக்கா வந்தா. கூப்பிடாமல். "உங்கடை மனிசனுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு இணுவில் முழுக்கக் கதை. நெஞ்சு வருத்தக்காரனை ஆர் பிளேனிலை ஏத்தினது?" இருந்த பாயாசத்தைக் குடித்தா. சீனி காணாதாம். போகும்போது ஆரணியின் கதவைப் பார்த்து, "இனி இஞ்சைதான் படிப்போ?" கண்ணில் அவ்வளவு வெளிச்சம். பாவம், அவவுக்கும் ஒரு தீபாவளி வேண்டும்தானே.

வசந்தி தொலைபேசியில். பனி ஊர் என்று அறிந்துவிட்டாள். பெரியத்தானுக்கு ஒரு சொல் இல்லை. "முதலே சொல்லியிருந்தால் நான் பிள்ளை பாக்க வேறை ஆள் பாத்திருப்பன்." ஆரணி சொன்னது சரிதான். அதை ஆரணியிடம் சொல்ல இப்போது வழியில்லை.

பகல் முழுக்கப் பூட்டிய கதவு. சாப்பாட்டை வெளியில் வைத்தேன்; பூனைக்கு வைக்கிற மாதிரி இருந்தது. மாலை சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கப் போனபோது கதவைத் திறந்தாள். கண் வீங்கி.

"எனக்குத் தெரியும் எண்டு ஏன் அப்பாட்டைச் சொன்னீங்கள்?"

"பொய்யோ?"

"இல்லை. உண்மை. அஞ்சு நாளாய் ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டு, அந்த ஒரு உண்மையை மட்டும் சொன்னீங்கள்."

கதவைச் சாத்தினாள். பலமாகக் கூட இல்லை.

முருகனிடம் போக முடியாது. நடையில் நின்று, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். பிள்ளைக்காகச் செய்ததென்று சொன்னேன். பிள்ளைக்கா, பிள்ளை என் சொல்லைக் கேட்டு வசந்தி வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கா, என்று நானே கேட்டேன். அதோடு நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

31 ஒக்டோபர், வெள்ளி. எட்டாம் நாள்

மூடுபனி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

மதாமின் மின்னஞ்சல்: இன்று மாலை இவருக்கு எடுப்பா. ஓம் என்றால் உடனே அனுப்புவா. இல்லை என்றாலோ, எடுக்காவிட்டாலோ, முன்சுற்று இல்லை. வருத்தத்துடன். மிக மரியாதையான பிரெஞ்சு. ஒரு சொல்லுக்கும் அகராதி தேவைப்படவில்லை.

மதியம் குடும்பக் குழுவில் கோபி ஒரு படம் போட்டான். படையல், வாழையிலை, பெரியத்தானின் மாலை போட்ட படம். முன்னால் இவர் சப்பாணி கட்டி இருக்கிறார். இணுவில் வெக்கையில், எல்லோரும் வெறும் மேலோடு இருக்க, கழுத்துவரை அந்த மெருன் சுவெற்றர். வியர்வை படத்திலேயே தெரிகிறது.

ஆரணி விடிய அவருக்கு ஒரு வரி எழுதினாளாம். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதில் இல்லை. தொலைபேசியை மேசையில் என் பக்கம் தள்ளினாள். நேற்றுக் கதவைச் சாத்திய பிறகு முதல் சொல்: "நீங்கள் கேளுங்கோ. எனக்காக எண்டு சொன்னீங்கள் எல்லோ."

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்து அழித்து எழுதினேன். அனுப்பியது இது:

"எட்டு நல்லபடி முடிஞ்சிருக்கும். எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், நான் மன்னிப்புக் கேக்கவும் இதை எழுதேல்லை. பெரியத்தான்ரை வாயிலை நான் வைச்ச சொல்லை நானே எடுக்கிறன்; அவர் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. இது இனி உங்கடை சொல்தான். பிள்ளை செய்தது நான் செய்ததைப் பாத்து. பின்னேரம், உங்களுக்கு ராத்திரி, மதாம் எடுப்பா. போனைக் கையிலை வைச்சிருங்கோ. என்ன சொல்லப் போறீங்கள் எண்டு பிள்ளை முன்னாலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறாள். ஓமோ இல்லையோ, கெதியாப் பதில் போடுங்கோ."